ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் நோயே இல்லையா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவருடைய தம்பிக்கு எட்டு மாதமாகக் காதில் குரல்கள் கேட்கின்றன. தெருவில் போகிறவர்கள் எல்லாம் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்கிறான். தூக்கம் இல்லை, படிப்பும் நின்றுவிட்டது. முதலில் பாண்டி கோவிலுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள், பிறகு மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். மருத்துவர் மனச்சிதைவு நோய் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து, தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்தது. அன்றிலிருந்து வீட்டில் சண்டை. "மூளையில் கோளாறு இல்லை என்று மிஷினே சொல்லிவிட்டது, பையன் படிப்புக்குப் பயந்து நடிக்கிறான், மாத்திரையை நிறுத்துங்கள்" என்கிறார் பெரியப்பா. மூளைப் படங்களை வைத்து மனநோய்களை ஆராய்கிறார்கள் என்று படித்திருக்கிறேனே, பிறகு ஏன் தம்பியின் படத்தில் ஒன்றும் தெரியவில்லை, பெட் ஸ்கேன் எடுத்தால் தெரியுமா என்பது அந்தச் சகோதரியின் கேள்வி.

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். பெட் ஸ்கேனுக்காகக் கடன் வாங்காதீர்கள். உங்கள் பெரியப்பா அந்த ரிப்போர்ட்டைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒற்றைச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்கள் வீட்டில் யாருக்கும் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

நான் மேலூர்க்காரன். மனநோய், நரம்பு நோய் உள்ளவர்களின் மூளைப் படங்களை அலசுவதுதான் பதினான்கு ஆண்டுகளாக என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் தம்பிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தது மனச்சிதைவைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல. மனச்சிதைவைப் போலவே தோற்றம் காட்டும் வேறு நோய்கள் உள்ளே இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக. மூளையில் கட்டி இருந்தால் ஒருவருடைய குணமே மாறலாம். மூளையின் பக்கவாட்டில் உள்ள பொட்டுமடலில் வலிப்பு நோய் இருந்தால் இல்லாத வாசனையும் இல்லாத குரலும் வரலாம். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் இளம் வயதில் சில நேரம் மனநோயின் முகத்தோடு முதலில் வரும். இவற்றுக்குச் சிகிச்சை வேறு. ஆகவே அந்த 'நார்மல்' என்ற சொல்லை, 'நான் தேடிய கட்டியோ காயமோ வீக்கமோ இங்கே இல்லை' என்று படிக்க வேண்டும். 'இவனுக்கு நோய் இல்லை' என்று அந்தக் காகிதத்தில் எங்கும் எழுதியிருக்காது, எடுத்துப் பாருங்கள்.

ஏன் தெரியவில்லை என்பதற்கு வருகிறேன். இரவில் திருப்பரங்குன்றம் மலைமேல் நின்று மதுரையைப் பார்த்திருக்கிறீர்களா? கோபுர விளக்கு தெரியும், வைகைப் பாலங்கள் தெரியும், ஏதாவது ஒரு பகுதியில் மின்சாரம் போயிருந்தால் அந்த இருட்டும் தெரியும். சிம்மக்கல்லில் ஒரு வீட்டுக்குள் அண்ணன் தம்பிக்குள் நடக்கும் சண்டை தெரியாது. சாதாரண எம்.ஆர்.ஐ. அந்த உயரத்தில் இருந்துதான் மூளையைப் பார்க்கிறது. மருத்துவமனைகளில் வழக்கமாக உள்ள 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமை கொண்டது. நம் உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் மெல்லிய வானொலிச் சமிக்ஞையிலிருந்து அது படம் வரைகிறது. அந்தப் படத்தின் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவு. அந்தச் சிறிய இடத்துக்குள்ளேயே பல்லாயிரம் நரம்பணுக்கள் இருக்கின்றன. மனித மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதத்தில் ஏற்படும் கோளாறுதான் உங்கள் தம்பியின் நோய் என்று நாங்கள் கருதுகிறோம். அந்தப் பேச்சு மலை உச்சிக்குக் கேட்காது.

அப்படியானால் ஆராய்ச்சியாளர்கள் எதைப் பார்க்கிறார்கள்? வேலை செய்துகொண்டிருக்கும் மூளையைப் பார்க்கிறார்கள். 1990-இல் ஜப்பானியரான செய்ஜி ஒகாவா, ஆக்சிஜன் உள்ள இரத்தமும் ஆக்சிஜனை இழந்த இரத்தமும் காந்தத்துக்குள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதை வைத்தே மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கலாம் என்று காட்டினார். மூளையின் எந்தப் பகுதி உழைக்கிறதோ அங்கே இரத்தம் கூடுதலாகப் பாயும். எஃப்.எம்.ஆர்.ஐ. என்று சொல்வது இதைத்தான். இதற்கும் எல்லை உண்டு. நரம்பணு இயங்கி ஐந்தாறு விநாடி கழித்துத்தான் இரத்த ஓட்டம் உச்சத்துக்கு வரும், மாற்றமும் சில சதவீதம்தான். எந்த வீட்டில் மின்சாரம் அதிகமாக ஓடுகிறது என்று மீட்டர் சொல்லும், உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்லாது. இது அப்படிப்பட்ட கருவி.

ஆனால் அந்த மீட்டரே உங்கள் பெரியப்பாவுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1999-இல் தாமஸ் டீர்க்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் மனச்சிதைவு நோய் உள்ள மூன்று பேரை எஃப்.எம்.ஆர்.ஐ.க்குள் படுக்க வைத்தார்கள். குரல் கேட்கத் தொடங்கும்போது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், நின்றதும் விட்டுவிட வேண்டும். வெளியே யாரும் எதுவும் பேசவில்லை. பொத்தான் அழுத்தப்பட்டிருந்த நேரங்களில் மூளையில் ஒலியை முதன்முதலில் வாங்கிக்கொள்ளும் பகுதியே இயங்கியிருந்தது. நீங்கள் இப்போது கூப்பிட்டால் எனக்குள் எந்த இடம் விழிக்குமோ, ஏறத்தாழ அதே இடம். மூன்று பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அச்சாக இதையே சொல்லவும் இல்லை. பேச்சை உருவாக்கும் பகுதி இயங்குவதைப் பல குழுக்கள் பார்த்திருக்கின்றன. எப்படியாயினும், குரல் கேட்கிறது என்று சொல்பவருக்கு உண்மையிலேயே கேட்கிறது. உங்கள் தம்பி நடிக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்காக ஓர் இளைஞரை ஸ்கேனுக்குள் அனுப்பியது நினைவுக்கு வருகிறது. சோழவந்தான் பக்கத்துக் குடும்பம். காந்த அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. அந்தக் காந்தம் இரவு பகலாக இயங்கிக்கொண்டே இருக்கும், படம் எடுக்காத நேரத்திலும் அதன் இழுப்பு அப்படியே இருக்கும். பெல்ட், சாவி, வெள்ளி அரைஞாண் எல்லாம் கழற்றியாயிற்று. வலது புஜத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு செப்புத் தாயத்து. அதை மட்டும் கழற்ற அம்மா சம்மதிக்கவில்லை. கடைசியில் தன் கையாலேயே அவிழ்த்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். நாற்பது நிமிடம் அந்த விரல்கள் திறக்கவில்லை. மகன் வெளியே வந்ததும் முதலில் அதைக் கட்டிவிட்டார். உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டேன். செல்லூரில் தறிக்கூடத்துக்குள் படுத்திருந்த மாதிரி சத்தம் என்றார் அந்த இளைஞர். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சத்தத்துக்குள்ளேயும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்" என்றார். வாசல் வரை போன அம்மா திரும்பி வந்து என்னிடம் கேட்டார்: "நான் வளர்த்ததில் ஏதும் குறையா, தம்பி?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1948-இல் ஃபிரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மருத்துவர், பிள்ளைக்கு மனச்சிதைவு வருவதற்கு அன்பற்ற தாய் காரணம் என்ற பொருளில் எழுதினார். ஒரு தலைமுறை மருத்துவர்களே அதை நம்பினார்கள். மேலைநாடுகளில் எத்தனை தாய்மார்கள் இந்தப் பழியைச் சுமந்தார்களோ. 1976-இல் லண்டனில் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டோன், டிம் குரோ ஆகியோரின் குழு, அப்போது புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேனில் பல ஆண்டுகளாக நோயில் இருந்தவர்களைப் படமெடுத்தது. மூளையின் நடுவே நீர் நிறைந்திருக்கும் அறைகள் அவர்களுக்குச் சராசரியாகப் பெரிதாக இருந்தன. எம்.ஆர்.ஐ. வந்தபின் அமெரிக்காவில் நான்சி ஆண்ட்ரியாசென் போன்றவர்கள் இந்த வழியில் மேலே போனார்கள். இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டுப் பிறகு மருத்துவம் படிக்க வந்தவர் அவர். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதை அவருடைய எழுத்துகள் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. இந்த ஆய்வுகளும் மரபணு ஆய்வுகளும் சேர்ந்துதான் தாயின் தலையில் இருந்த பழியை இறக்கின. அன்று அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதைத்தான், அவருக்குப் புரியும் சொற்களில். உங்கள் அம்மாவும் அதே கேள்வியை மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவரிடம் சொல்லுங்கள்.

மேலே 'சராசரியாக' என்று எழுதியதை மறுபடி பாருங்கள். உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2016-இல் வெளியிட்ட ஆய்வில் மனச்சிதைவு உள்ள 2,028 பேரின் மூளைப் படங்களும், நோய் இல்லாத 2,540 பேரின் படங்களும் ஒப்பிடப்பட்டன. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி நோய் உள்ளவர்களுக்குச் சராசரியாகச் சிறியதாக இருந்தது. ஐயத்துக்கு இடமில்லாத வேறுபாடு அது. ஆனால் இரண்டு கூட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஐந்தில் நான்கு பங்கு ஒன்றையொன்று மூடிக்கொள்ளும். இரண்டு ஊர்ப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் உயரத்தை அளந்தால் ஓர் ஊரின் சராசரி கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அதற்காக பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு பையனின் உயரத்தைப் பார்த்து அவன் எந்த ஊர்ப் பள்ளி என்று சொல்ல முடியுமா?

நான் படிக்கும் காலத்தில் என் ஆசிரியர், பெயரும் விவரமும் மறைத்த இருபது மூளைப் படங்களை என் முன் வைத்து, இவற்றில் நோயாளிகளைப் பிரித்துக் காட்டு என்றார். ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து பிரித்தேன். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே அளவுக்குத்தான் சரியாக வந்திருக்கும். அந்தப் பிற்பகலை நான் மறந்ததில்லை. இன்றைக்கும் முறைப்படி மருத்துவம் பார்க்கும் எந்த மனநல மருத்துவரும் ஒரு ஸ்கேனை மட்டும் பார்த்து மனச்சிதைவு என்றோ மனச்சோர்வு என்றோ முடிவு செய்வதில்லை. பேசி, கேட்டு, பல மாதக் கதையைக் கோத்துத்தான் முடிவு செய்கிறார்கள். மனச்சோர்வில் ஹிப்போகேம்பஸ் வேறுபாடு இன்னும் சிறியது.

பெட் ஸ்கேனைப் பற்றிக் கேட்டீர்கள். உடலுக்குள் சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்கும் படம் அது. மனச்சிதைவைக் கண்டறிய அது சிகிச்சையில் பயன்படுவதில்லை. எந்த மருத்துவமனையில் எடுத்தாலும் உங்கள் தம்பிக்கு அதனால் புதிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை. ஆனால் பெட் ஸ்கேனின் பலன் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. தம்பியின் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் அச்சிட்டிருக்கும் மில்லிகிராம் கணக்குக்குப் பின்னால் இந்த ஆராய்ச்சி இருக்கிறது.

விளக்குகிறேன். குரல்களையும் சந்தேகங்களையும் தணிக்கும் மருந்துகள் பெரும்பாலும் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் வந்து அமரும் ஏற்பிகளை அடைக்கின்றன. ஒரு காலத்தில், கூடுதல் மருந்து கூடுதல் குணம் என்று எண்ணி ஹாலோபெரிடால் மருந்தை ஒரு நாளைக்கு 20, 30 மில்லிகிராம் என்றுகூடக் கொடுத்தார்கள். நோயாளிகள் மரக்கட்டை போல விறைத்து, வாயில் எச்சில் வழிய உட்கார்ந்திருப்பார்கள். பழைய மனநோய் விடுதிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். நோயே அப்படித்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டது. 1988-இல் ஸ்டாக்ஹோமில் லார்ஸ் ஃபார்டே குழுவினர், மருந்து சாப்பிடும் நோயாளிகளின் மூளையில் எத்தனை சதவீத ஏற்பிகள் அடைபட்டிருக்கின்றன என்று பெட் ஸ்கேனில் அளந்தார்கள். 2000-இல் டொரண்டோவில் ஷிதிஜ் கபூரும் அவருடைய குழுவினரும், முதன்முதலாக நோய் கண்ட 22 பேருக்கு மிகக் குறைந்த அளவில் ஹாலோபெரிடால் கொடுத்து அளந்தார்கள். ஏறத்தாழ 65 சதவீதம் அடைபட்டால் நோய் தணியத் தொடங்குகிறது, 78 சதவீதத்தைத் தாண்டினால் விறைப்பும் நடுக்கமும் வருகின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து. நாளைக்கு இரண்டரை மில்லிகிராமிலேயே பலர் அந்தச் சந்துக்குள் வந்துவிட்டார்கள். இந்த நோய்க்கு முதல் முறை மருந்து தொடங்கும்போது சிறிய அளவிலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் இன்று சொல்வதற்கு இந்தப் படங்கள் ஒரு முக்கியக் காரணம். யாரோ முன்பின் தெரியாத சிலர் ஸ்கேனுக்குள் படுத்துக் கொடுத்த கணக்கு, இன்று உசிலம்பட்டியில் உங்கள் தம்பியை விறைத்துப் போகாமல் காக்கிறது. தம்பிக்குக் கை நடுக்கமோ நாக்குத் தடிப்போ உடல் இறுக்கமோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ முடியும். நீங்களாக நிறுத்துவது வேறு.

நரம்பு நோய்களில் கதை மாறும். அங்கே படம் வாய் திறந்து பேசும். நம் பகுதியில் வலிப்போடு வரும் பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுத்தால் மோதிரம் போல ஒரு சிறு வளையம் தெரிவது உண்டு. பன்றி நாடாப்புழுவின் முட்டை அசுத்தமான தண்ணீர் வழியாகவோ சரியாகக் கழுவாத காய்கறி வழியாகவோ வயிற்றுக்குள் போய், புழுவின் கூடு மூளையில் தங்கிவிடுவதால் வருவது. பன்றி இறைச்சியைத் தொடாத குடும்பத்துப் பிள்ளைக்கும் வரும். முன்பு இதைக் காசநோய்க் கட்டியோடு குழப்பிக்கொண்டார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர், அந்த வளையத்தின் அளவையும் சில அடையாளங்களையும் வைத்தே இரண்டையும் பிரித்தறியும் விதிகளை வகுத்தார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு மண்டையைத் திறக்கும் அறுவையும், தேவையில்லாத காசநோய் மருந்தும் தவிர்ந்தன. பார்க்கின்சன் நோயில் டோபமின் நரம்பு முனைகள் அழிந்துபோவதைக் கதிரியக்கப் படம் காட்டும். அல்சைமர் மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை 2004-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஆய்வுக் குழு வெளியிட்ட முறையில் உயிரோடு இருக்கும்போதே பார்க்க முடிகிறது. மறதி தொடங்குவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் படிவு தொடங்கிவிடுகிறது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார், பையில் சுருட்டி வைத்திருந்த வண்ணப் படம் ஒன்றை என்னிடம் விரித்துக் காட்டினார். தலையில் ஒயர்களை ஒட்டி எடுத்த 'பிரெயின் மேப்பிங்' ரிப்போர்ட். சிவப்பும் மஞ்சளுமாக மூளை, கீழே மகளுக்கு இன்ன நோய் என்று அச்சடித்த வரி. இரண்டு மாத வருமானத்தை அதற்குக் கொடுத்திருந்தார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த வண்ணங்களை மூளை தருவதில்லை, கணினியில் உட்கார்ந்திருப்பவர் தேர்ந்தெடுக்கிறார். கணக்கைக் கவனமாகப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட, 2009-இல் கிரெய்க் பென்னட் என்ற ஆய்வாளர் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை எஃப்.எம்.ஆர்.ஐ.க்குள் வைத்தார். அதன் மூளையிலும் 'இயக்கம்' தெரிந்தது. 2020-இல் ஒரே படத் தொகுப்பை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தபோது பல கேள்விகளுக்கு வெவ்வேறு விடைகள் வந்தன. இவற்றை எங்கள் துறையே நடத்தி, வெளிப்படையாக அச்சிட்டது. அதனால்தான் இந்தத் துறைமேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இத்தனை தடுமாற்றம் உள்ள ஒரு துறையின் பெயரால் ஒரு பெண்ணின் நோயை ஒரே வரியில் அச்சடித்து விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பெரியப்பாவோடு வாதாட வேண்டாம், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். குடும்பத்தில் மூத்தவர் என்ற மரியாதையோடு மருத்துவர் நேரில் சொன்னால் கேட்டுக்கொள்வார். கோவிலுக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை, மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டே போகலாம். ஆனால் கட்டி வைக்கும் இடம் எதற்கும் அனுப்பாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் ஓட வழியின்றி இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சங்கிலியில் கட்டுவது குற்றம். செலவு கையை மீறினால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவில் தம்பி மிகவும் பதற்றமாக இருந்தால் 14416 என்ற அரசின் இலவச எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.

காய்ச்சல், வலிப்பு, பேச்சு குழறல், உடல் அசைவற்று விறைத்துக் கிடப்பது இவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை அழற்சி உண்டு. அதில் எம்.ஆர்.ஐ. நார்மலாகவே இருக்கலாம், தண்டுவட நீரைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தம்பி எத்தனை மணிக்குத் தூங்கினான், குரல் எப்போது கூடியது, எப்போது குறைந்தது, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, அன்றைக்கு என்ன சாப்பிட்டான், யாரோடு பேசினான் என்று தேதி போட்டு எழுதுங்கள். தம்பியையும் எழுதச் சொல்லுங்கள், விருப்பம் இருந்தால். ஸ்கேன் படத்தோடு சேர்த்து அந்த நோட்டையும் மருத்துவரின் மேசையில் வையுங்கள். அவர் முதலில் நோட்டைத்தான் திறப்பார்.